சாய்ந்த வெளிச்சம்

அன்பு வாசகர்களுக்கு,

இதை எழுதும்போது தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. மேற்கே மலைமுகடு தெரியவில்லை. மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலைகள் எல்லாம் குற்றாலத்தை நோக்கித்தான். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா என்று விசாரிக்காத டீக்கடை கிடையாது. இந்த நேரத்தில் வரலாற்று ஆராய்ச்சிக்கு ஒரு சிறப்பிதழா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். குற்றால சீசன்தான் இதற்குச் சரியான காலம் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு மாலை, கல்வெட்டு படிக்கும் தோழி ஒருவரோடு காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் வழக்கம்போல் காற்று ஆளைத் தள்ளியது. நூறு முறையாவது நான் கடந்துபோன ஒரு சுவரின் முன் அவர் நின்றார். என் கண்ணுக்கு அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் விபூதிக் கறையும் மட்டும்தான் தெரிந்தன. அவர் பையிலிருந்து ஒரு சாதாரண டார்ச்சை எடுத்து முதலில் நேராக அடித்தார். கல் பளிச்சென்று வெளுத்தது, அவ்வளவுதான். அடுத்து டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடித்தார். கல்லிலிருந்த ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நூலிழை போல நிழல் விழுந்தது. ஒரு ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எழுந்து வந்தது. அதை அடுத்து ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி. “நேரா அடிச்சா கல்லுதான் தெரியும் அண்ணாச்சி, சாய்ச்சுப் பிடிக்கணும்” என்றார். அவர் தொழில் நுணுக்கத்தைத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு முழுக்க அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்வெட்டைப் படியெடுக்கும் முறையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்குவார்கள். தாள் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த பொதியால் ஒற்றுவார்கள். குழிக்குள் போன இடம் வெள்ளையாக நிற்க, மற்றதெல்லாம் கறுக்கும். நூறாண்டுக்கு மேலாக நம் வரலாற்றின் பெரும்பகுதி இந்த மைப்படிகளிலிருந்துதான் எழுதப்பட்டது. இன்று அதே கல்லைப் பல பக்கங்களிலிருந்து வெளிச்சம் கொடுத்துப் படம் பிடித்து, கணினியில் ஒன்று சேர்த்து, நிழலை விருப்பம்போல் திருப்பிப் பார்க்கிறார்கள். தோழியின் டார்ச் செய்த வேலைதான், இன்னும் நுட்பமாக. கருவி மாறியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த இதழை நான் கொண்டுவர நினைத்தது கருவிக்காக மட்டும் இல்லை. கல்லிடம் கேட்கிற கேள்வியே மாறியிருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். காசிநாதர் கனவில் வந்ததும், எறும்பு வரிசை வழி காட்டியதும் பாட்டி சொல்லக் கேட்டவை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கோயில் எழுந்தது. மன்னன் 1463இல் மறைந்தபோது கோபுரம் முடிந்திருக்கவில்லை. தம்பி குலசேகரன் அதை முடித்தான். மன்னன் கல்லில் வெட்டச் சொன்ன பாடல்களில் ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இளகுகிறது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் ஊறு நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. அவன் பயந்ததுபோலவே நடந்தது. இடிந்து, பிளந்து, மொட்டைக் கோபுரமாக நின்ற காலத்தை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். 1990இல் புதுக்கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தபோது ஊரே தெருவில் நின்றது.

இது மன்னனின் வரலாறு. எனக்கு இதன்மேல் பற்று உண்டு, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் கல்லை மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தவர் யார்? சாரத்தில் ஏறியவர் யார்? கோயில் விளக்குக்கு நெய் கொடுக்க வேண்டிய இடையர் எந்த ஊர்க்காரர்? யாருடைய வயலிலிருந்து நெல் வந்தது? இவற்றையும் கல்வெட்டே சொல்கிறது. சொல்கிற இடம் மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்திக்குக் கீழே, சலிப்பூட்டும் கணக்கு வரிகளில். அரச பரம்பரையைத் தேடிப் போனவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போனார்கள்.

அந்த வரிகளில் நின்றவர் ஒரு ஜப்பானியர். நொபொரு கராஷிமா. 1966இல் அவர் திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு சோழர் கால ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு எழுதினார். பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்றிருக்கிறார்கள். பக்கத்து அல்லூரிலோ ஊரார் கூட்டாகச் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். ஒரே ஆற்றுப் பாசனத்தில், ஒரே காலத்தில், நிலத்தை ‘என்னுடையது’ என்று சொல்வதும் ‘எங்களுடையது’ என்று சொல்வதும் பக்கத்து ஊர்களில் இருந்திருக்கின்றன. எந்த மெய்க்கீர்த்தியும் இதைச் சொல்லியிருக்காது. 1978இல் அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மாட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றித் தொகுத்து வெளியிட்டார்கள். கணினி என்ற சொல்லே நம் ஊர்களில் புழங்காத காலம் அது. ஒரு கல்வெட்டில் வரும் ‘உடையான்’, ‘மூவேந்தவேளான்’ என்ற பட்டம் தனியாக நமக்கு எதுவும் சொல்லாது. ஆயிரக்கணக்கான பெயர்களை ஊர்வாரியாக, காலவாரியாக அடுக்கும்போது அதிகாரம் யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்று ஒரு படம் கிடைக்கிறது. இதே பொறுமையோடு லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் கோயில் பெண்களைப் பற்றிய கல்வெட்டுகளை எடுத்து அடுக்கியபோது, சோழர் காலத்தில் அந்தப் பெண்கள் பலர் தங்கள் பெயரில், தங்கள் சொத்திலிருந்து கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள் என்பது துலங்கியது. அவர்களைப் பற்றிப் பின்னாளில் படிந்த வசைச்சொற்களை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

நம் தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகளுக்கு இப்படி ஒரு பெயரடைவை முழுமையாக யாராவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கல்லூரியில் படிக்கும் வாசகர்கள் யாருக்காவது ஆய்வுத் தலைப்பு தேவைப்பட்டால், இதோ வாசலில் இருக்கிறது.

சுவரை விட்டு வெளியே வருவோம்.

கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதினார். உழைப்பால் எழுந்த நூல்; இன்றும் அதைத் திறக்காமல் எங்கள் பக்கத்து வரலாற்றைத் தொட முடியாது. அதன் தலைப்பே 1801ஆம் ஆண்டு, சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனதோடு முடிகிறது. ஆட்சி மாறியதோடு வரலாறு ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி. நூறாண்டு கழித்து, 1985இல், டேவிட் லட்டன் அதே சீமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கதாநாயகன் தண்ணீர். தாமிரபரணிப் பாசனம் பெற்ற நிலம் ஒரு சமூகம், வானம் பார்த்த கரிசல் இன்னொரு சமூகம், மலையடிவாரத்தில் குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த எங்கள் பகுதி இரண்டும் கலந்த மூன்றாவது சமூகம். யார் எங்கே குடியேறினார்கள், யார் யாருக்குக் கீழே வேலை செய்தார்கள் என்பதையெல்லாம் மண்ணும் மடையும் சேர்ந்து தீர்மானித்ததை அவர் விளக்கும்போது, சித்தாற்றங்கரையில் பிறந்த எனக்கு என் ஊரையே முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது. குற்றால மலையிலிருந்து இறங்கிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் வரை சித்தாறு எத்தனை அணைக்கட்டிலும் கால்வாயிலும் குளத்திலும் நின்று நின்று போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நிற்றல் ஒவ்வொன்றிலும் ஒரு வழக்கு, ஒரு உடன்படிக்கை, ஒரு முறைவைப்பு இருக்கிறது.

தண்ணீர் என்றதும் மரம் நினைவுக்கு வருகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் மலைக்கு அந்தப்பக்கம், கேரளக் காடுகளில் நிற்கும் பழைய தேக்குகளின் ஆண்டு வளையங்களை எண்ணி அளந்து, 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 523 ஆண்டு வளையங்களின் வரிசை அது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலும். பொய்த்த ஆண்டில் மெலியும். வரிசை 1481இல் தொடங்குகிறது. பராக்கிரம பாண்டியன் மறைந்து பதினெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியர் பலரின் காலத்து மழை அந்த மரத்துக்குள் இருக்கிறது. அதிவீரராம பாண்டியர் தமிழில் நைடதம் பாடிய நூற்றாண்டில் பருவமழை எப்படி இருந்தது என்று ஒரு தேக்கிடம் கேட்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நமக்குச் சாரலைத் தருவதும் அந்தத் தேக்குகளை நனைத்ததும் ஒரே தென்மேற்குக் காற்றுதான். மர வளையத்தையும், கோயில் நிலக் கணக்கையும், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் பாடிய பாட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஆய்வாளர் நம் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

குற்றாலத்துக்கு வருவோம். அருவிக்கரையில் நிற்கும்போது எனக்கு எப்போதும் இரண்டு பெயர்கள் ஞாபகம் வரும். ரங்கையா, கோவிந்து.

கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டது பலருக்குத் தெரியும். கம்பெனியின் மருத்துவராக வந்து தாவரவியலாளராக மாறிய ராபர்ட் வைட், 1830களில் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றால மலைச் செடிகளைச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெரிய படத்தொகுப்பில் குற்றாலத்துச் செடிகள் ஏராளம். செடியின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் இன்றும் வைட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்தும். தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புடையவர்களாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பறித்த செடி வாடுவதற்குள் இலையின் நரம்பும் மகரந்தப் பையும் சூலகத்தின் குறுக்குவெட்டும் தாளில் ஏறியாக வேண்டும். ஒரு தூரிகை நுனியில் எத்தனை மயிர் இருந்தால் அந்தக் கோடு விழும் என்று நான் யோசித்ததுண்டு. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்தப் படங்கள் வைட்டின் படங்கள் என்றே வழங்கின. எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி, கிடங்கிலிருந்த மூலப்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, 2007இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் இருக்கின்றன. வைட்டும் நன்றி மறந்தவர் இல்லை. 1853இல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்தச் செடி வேறொரு பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டது. பெயர் ஏட்டில் மட்டும் இருக்கிறது.

படம் வரைந்தவரின் பெயரைத் தேடுவது புதிய வரலாற்றுப் பார்வைக்கு நல்ல உதாரணம் என்று நினைக்கிறேன். இத்தாலியில் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல், 16ஆம் நூற்றாண்டில் விசாரணைக்கு இழுக்கப்பட்ட ஒரு மாவு ஆலைக்காரரின் வாக்குமூலத்தை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். படிக்கத் தெரிந்த ஓர் எளிய மனிதர் உலகத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்பது அதன் பொருள். நம் பக்கத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி 1908 மார்ச் 13 அன்று நெல்லையில் வெடித்த எழுச்சியைப் பற்றி எழுதியபோது, வ.உ.சி.யோடு நின்றுவிடாமல் அன்று தெருவில் இறங்கிய எளியவர்களையும் தேடினார். அந்த நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது நெல்லைச் சீமைக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

இலக்கியத்தைப் படிக்கிற முறையும் மாறியிருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் சந்தத்துக்காகப் படித்தோம். சிங்கன் பறவை பிடிக்க வரும் பகுதியில் பறவைகள் மேயும் வயல்களின் பெயர்கள் வரிசையாக வரும். பாட்டின் தாளத்தில் அவற்றை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவோம். நிலவரலாறு படிக்கிறவர் அந்த இடத்தில்தான் பேனாவை எடுப்பார். 18ஆம் நூற்றாண்டில் கோயிலைச் சுற்றி எந்த வயல் எந்தப் பெயரில் இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. கவிராயருக்குக் கொடையாகக் கிடைத்ததாகச் சொல்லப்படும் நிலமே குறவஞ்சி மேடு என்று வழங்குகிறது. இரண்டு தலைமுறைக்கு முந்திய கிரயப் பத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் அப்படி ஒரு பழைய பெயர் உட்கார்ந்திருக்கும்.

எழுத்தில் வராததை என்ன செய்வது? இந்த இதழில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

நான்குநேரிக்காரரான நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தி, 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கியவர். வில்லுப்பாட்டு அண்ணாவிகளிடமும் பழைய ஏடுகளிலும் கிடந்த கட்டபொம்மன் கதை, கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவற்றை அவர் பதிப்பிக்க, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கொடை விழாவில் விடிய விடியக் குடத்தைத் தட்டிப் பாடுகிற கதையைப் பல்கலைக்கழகம் அச்சிடுவதா என்று அன்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் வழியில் வந்த ஆ. சிவசுப்பிரமணியனும், பாளையங்கோட்டை தொ. பரமசிவனும் உப்பையும் பனையையும் சடங்கையும் சிறுதெய்வத்தையும் வரலாற்றுச் சான்றாக்கினார்கள். 2001இல் வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் மூவரும் எழுதிய நூல் இன்னொரு கதவைத் திறந்தது. இந்தியர்களுக்கு வரலாற்றுணர்வு இல்லை என்ற பழைய பேச்சை மறுத்து, அந்தந்தக் காலத்தில் செல்வாக்காக இருந்த இலக்கிய வடிவத்தில் நம்மவர்கள் வரலாற்றைச் சொன்னார்கள், மொழியின் இழையைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு எது கதை எது நடப்பு என்று புரியும் என்றார்கள். அவர்கள் எடுத்த சான்றுகளில் கட்டபொம்மன் கதையும் ஒன்று.

எங்கள் மாவட்டத்தில் மறைந்துபோனவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர். 1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது கொடுக்க மறுத்தவர். அவருடைய முடிவைப் பற்றி மக்கள் சொல்வது இது: பிடித்துக்கொண்டு போகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், திரும்பவில்லை. கோயிலில் அந்த இடத்தை இன்றும் காட்டுவார்கள். இன்னொருவர் செங்கோட்டை ஆவுடையக்காள். இளம் வயதில் கணவரை இழந்து, ஊர் விதித்த மூலையில் முடங்காமல், அத்வைத ஞானத்தைப் பேச்சுத்தமிழில் பாட்டாகப் பாடியவர். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடி மலையேறியவர் திரும்பவில்லை என்பது வழக்கு. ஒருவர் வாள் பிடித்த பாளையக்காரர், மற்றவர் நார்மடி உடுத்திய பெண். இருவருக்கும் சாவு சொல்ல ஊருக்கு மனசு வரவில்லை.

பழைய முறையில் கேட்டால் இது உண்மையா பொய்யா என்றுதான் கேட்போம். ஆவணம் இல்லை என்று கோப்பை மூடிவிடுவோம். கதை எப்போது, யார் வாயில், எந்த வடிவத்தில் முதலில் வருகிறது, யார் அதைக் காத்தார்கள், ஏன் காத்தார்கள் என்று கேட்டால் கோப்பு மறுபடி திறக்கிறது. ஆவுடையக்காளின் பாடல்களை எந்தப் புலவரும் காக்கவில்லை. செங்கோட்டை, ஆய்க்குடி, கல்லிடைக்குறிச்சி வீடுகளில் பெண்கள் வேலை செய்துகொண்டே பாடி, நோட்டில் எழுதி, மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்தார்கள். அந்த நோட்டுகளிலிருந்துதான் அவை அச்சுக்கு வந்தன. பூலித்தேவரின் படையில் இருந்த ஒண்டிவீரனைக் கம்பெனிக் கடிதங்களை மட்டும் வைத்துத் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். அருந்ததியர் மக்கள் பாட்டிலும் வழிபாட்டிலும் அவரைத் தூக்கிச் சுமந்தார்கள். இன்று பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். வாய்மொழி வரலாற்றின்மேல் எனக்குள்ள அன்பே எனக்கு ஒரு கவலையையும் தந்திருக்கிறது. நம் அலுவலகத்துக்கு வாரம் ஒரு புத்தகமாவது வருகிறது, ஒரு சாதியின் பெருமையை மட்டும் சொல்வதற்காக எழுதப்பட்டது. கல்வெட்டில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் இருக்கும் வரியை விட்டுவிட்டு, ‘ஆண்ட பரம்பரை’ என்று முடித்துவிடுகிறார்கள். எழுதியவர்களின் வலி எனக்குப் புரிகிறது. இத்தனை காலம் தங்களை ஏட்டில் ஏற்றாதவர்கள்மேல் அவர்களுக்குக் கோபம். ஆனாலும் அடுத்த தெருக்காரர் சொல்கிற அதே கதையின் மறுவடிவத்தையும் பதிவு செய்து பக்கத்தில் வைக்காத புத்தகத்தை நம் பக்கங்களில் பாராட்டி எழுத என்னால் முடியாது. வந்த புத்தகங்களுக்கு மதிப்புரை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அகழாய்வுச் செய்திகளிலும் இதே நிதானம் வேண்டும் என்பது என் எண்ணம். 2024இல் தமிழக அரசின் தொல்லியல் துறை எட்டு இடங்களில் தோண்டியபோது அதில் ஒன்று நம் மாவட்டத்துத் திருமலாபுரம். மலையடிவாரத்தில், கற்பலகைகளை நிறுத்தி அமைத்த அறைக்குள் ஈமத்தாழிகள், கறுப்பு சிவப்புப் பானைகளில் வெள்ளை ஓவியங்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிக்கை வந்தது. லக்னோ, அகமதாபாத், அமெரிக்கா என்று மூன்று ஆய்வகங்களில் மாதிரிகளைச் சோதித்திருக்கிறார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்த எண் நிலைக்க இன்னும் பல குழிகளிலிருந்து இன்னும் பல காலக்கணிப்புகள் வர வேண்டும். தோண்டுகிறவர்களே அதைத்தான் சொல்வார்கள். அதுவரை பதாகை கட்டாமல் காத்திருப்போம். திருமலாபுரத்துப் பானையில் அந்த ஓவியத்தைத் தீட்டிய விரல் யாருடையது என்ற கேள்வி எனக்கு எந்த எண்ணையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆய்வு செய்ய வரும் இளையவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஆகவே ஐந்தாறு மைல் தள்ளியுள்ள தென்காசியின் பழைய கோப்பு சென்னையிலும் நெல்லையிலும் இருந்தால், செங்கோட்டையின் கோப்புக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். மலையாளமும் படிக்கத் தெரிய வேண்டும். செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதனைப் பற்றி எழுத வருகிறவர்கள்கூடப் பல நேரம் இந்த எல்லைக்கோட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டு அரசுகளுக்கு நடுவில் வாழ்ந்த ஓர் ஊரின் வரலாற்றை ஒரு தலைநகரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது.

இனி, சீசனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சொல்கிறேன்.

என் ஆச்சி நாற்று நடவுக்குப் போனவள். அவளுக்கு ஒரு பாட்டுத் தெரியும். எங்கள் குளத்து மடை உடைந்த கதை; அடைக்கப் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அதில் வரும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபிறகு எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த பொங்கலுக்கு, அடுத்த கொடைக்கு என்று தள்ளிப் போட்டேன். ஒரு ஆவணி மாதம் ஆச்சி போய்விட்டாள். இன்று எனக்கு மெட்டு ஞாபகம் இருக்கிறது, மூன்று பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன. மற்றவை போயின.

ஆகவே ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டைக் காயப்போட்டபிறகு, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். கையிலிருக்கும் போன் போதும். முதலில் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவரின் பெயர், வயது ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ராஜா கதை கேட்காதீர்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், யாரெல்லாம் எடுக்கக் கூடாது என்று இருந்தது, பஞ்சத்தில் என்ன தின்றீர்கள், முதல்முறை ரயிலேறியது எங்கே போக என்று கேளுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். ‘அது தப்பு தாத்தா, அப்படி நடக்கலை’ என்று திருத்த வேண்டாம். அவர் சொன்னபடியே எழுதுங்கள், நீங்கள் அறிந்ததைத் தனியாகக் கீழே குறியுங்கள். அதே கதையை முடிந்தால் வேறு தெருவிலும் ஒருவரிடம் கேளுங்கள். பழைய கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கடைக் கணக்கு நோட்டு, கடிதம் இருந்தால் மூலத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே, ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும்.

வருகிற எல்லாவற்றையும் நாங்கள் அச்சிட முடியாமல் போகலாம். எல்லாவற்றையும் படிப்போம், கேட்போம். அடுத்த இதழிலிருந்து இதற்கென்று நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் என் ஆச்சியின் பாட்டில் எனக்கு ஞாபகமிருக்கும் மூன்று பெயர்களையும், மெட்டின் தாளக்கட்டையும் போடுகிறேன். சித்தாற்றுப் பாசனத்து ஊர்களில், நடவு நட்ட பாட்டிமார் யாருக்காவது அந்தப் பாட்டு தெரிந்திருந்தால், நான்காவது பெயர் என்ன என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்